முள்ளைப் பார்த்துத்தான் பெயர்: மன்னார் வளைகுடாக் கடற்பஞ்சுகளை இனம் காணும் முறை

ராமேசுவரத்துக்கு எதிர்க்கரையில் உள்ள மண்டபம் ஊரில் நின்றால் ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல். வரைபடத்தில் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா என்று போட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் பவளப்பாறைகளில் கடற்பஞ்சுகள் அப்பிக் கிடக்கின்றன: ஆரஞ்சு விரல்கள், கரும்பச்சைக் குழாய்கள், மஞ்சள் கட்டிகள், உரல் போன்ற பெருங்கிண்ணங்கள். பார்த்தவுடன் படத்தோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லத் தோன்றும். சொல்லிவிடாதீர்கள். அலை மோதும் பாறையில் தோல் மாதிரிப் படர்ந்திருக்கும் ஓர் இனம், நீர் அமைதியாக உள்ள இடத்தில் விரல் விரலாக எழுந்து நிற்கலாம். வெயில் படும் பக்கம் ஊதாவாகவும், நிழல் பக்கம் வெள்ளையாகவும் ஒரே உயிரி இருப்பதுண்டு. நேர்மாறாக, நிறத்திலும் உருவத்திலும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பஞ்சுகள் வேறு வேறு வரிசைகளை, அதாவது பல குடும்பங்கள் அடங்கிய பெரும்பிரிவுகளை, சேர்ந்தவையாக இருக்கும்.

ஆகவே நிறமும் உருவமும் துப்பு மட்டும்தான். பெயர் இருப்பது உள்ளே: உடலைத் தாங்கும் நுண்முட்களிலும், அந்த முட்களும் நார்களும் அடுக்கப்பட்டிருக்கும் விதத்திலும். இதைப் பார்க்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. 40 மடங்கு பொருளருகு லென்ஸ் உள்ள கல்லூரி நுண்ணோக்கி, வீட்டில் கழிவறைக்கு வாங்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் பிளீச், சவர பிளேடு, கண்ணாடிச் சோதனைக்குழாய்கள், நிறையப் பொறுமை. இவை போதும்.

எடுக்கும் முன்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பாறைகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அங்கிருந்து ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. சுண்ணாம்பு முள் கொண்ட கடற்பஞ்சுகள் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. அவற்றுக்குப் பூங்காவின் எல்லை ஒரு கணக்கே இல்லை. அனுமதி கிடைக்கும்வரை படம் எடுத்துப் பழகலாம். தண்ணீருக்குள் பார்க்கும் கண்ணைப் பழக்குவதே பாதி வேலை.

கையுறை கட்டாயம். டெடானியா, பையெம்னா போன்ற பஞ்சுகளை வெறுங்கையால் பிடித்தால் அரிப்பும் எரிச்சலும் நாள்கணக்கில் நிற்கும். முள் ஏறிவிட்டால் தேய்க்காதீர்கள். ஒட்டுநாடாவைத் தோலில் ஒட்டி உரித்தால் பெரும்பாலான முட்கள் அதோடு வந்துவிடும்.

தண்ணீரில் குறிக்க வேண்டியவை

வெட்டிய பிறகு திரும்பக் கிடைக்காத தகவல்கள் சில உண்டு. நிறம் ஆல்கஹாலில் கரைந்து போகும், சளி போகும், மணம் போகும், துளைகள் சுருங்கி மூடிக்கொள்ளும். அதனால் கத்தியை எடுக்கும் முன்பே கீழ்க்கண்டவற்றை எழுதுங்கள்.

- ஆழம், நாள், இடத்தின் அட்ச தீர்க்க ரேகை. எதன்மேல் வளர்கிறது: உயிருள்ள பவளமா, செத்த பவளமா, மணலா, சிப்பியா. வெயிலிலா, பாறையின் அடிப்பக்கத்திலா.
- உருவமும் அளவும். படலம் என்றால் தடிமன் எத்தனை மில்லிமீட்டர்.
- மேற்பரப்பு: வழவழப்பா, கூம்புக் கூம்பாகப் புடைத்ததா, முள் துருத்திச் சொரசொரப்பாக இருக்கிறதா.
- ஆஸ்குலம் என்னும் வெளியேற்றுத் துளைகளின் விட்டம். அவை சிதறிக் கிடக்கின்றனவா, ஒரு முகட்டில் வரிசையாக நிற்கின்றனவா.
- அழுத்தினால் என்ன ஆகிறது: பஞ்சு போல அமுங்கி எழும்புகிறதா, ரொட்டித் தூள் போல உதிர்கிறதா, ரப்பர் போலக் கிழிக்கவே முடியவில்லையா.

குறைந்தது மூன்று படங்கள் வேண்டும், எல்லாவற்றிலும் அளவுகோல் தெரிய வேண்டும். முழு உயிரி ஒன்று, துளைகள் தெரியும்படி நெருக்கத்தில் ஒன்று, வெட்டிய முகம் ஒன்று. நாலைந்து மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கத் தொடங்கிவிடும் என்பதால், எடுத்த துண்டைப் படகில் கடல்நீர் உள்ள வெள்ளைத் தட்டில் வைத்து இன்னொரு படமும் எடுங்கள்.

வெட்டிய முகத்தைப் பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மஞ்சளாக இருந்த துண்டு ஓரத்திலிருந்து கருத்து, ஊதாவும் கறுப்புமாக மாறினால் அது வெராங்கிடா வரிசை என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம். காற்றுப் பட்டதும் அதன் நிறமி மாறுகிறது. நம் கடலில் கிடைக்கும் சூடோசெராட்டினா பர்பூரியா இப்படித்தான் கறுக்கும். மஞ்சள் நிறப் படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ஆல்கஹால் புட்டியில் கிடக்கும் கருந்துண்டைப் பார்த்து “லேபிள் மாறிவிட்டது” என்று குழம்புவதெல்லாம் இந்தப் பத்து நிமிடத்தைத் தவறவிட்டதால் வருவது.

துண்டு 3 முதல் 5 செ.மீ. இருந்தால் போதும். ஆனால் அதில் மேல்தோலும் உட்பகுதியும் இரண்டுமே இருக்க வேண்டும். படலமாக இருந்தால் ஒட்டியிருக்கும் பவளத்தோடு சேர்த்தே செதுக்கி எடுங்கள். உயிரியை முழுதாகப் பிடுங்காதீர்கள். அடி மிஞ்சினால் அது வளர்ந்துகொள்ளும். ஒரு பைக்கு ஒரு துண்டு. இரண்டை ஒரே பையில் போட்டால் ஒன்றின் முள் இன்னொன்றில் ஏறும். அந்தக் கலப்பு பிறகு நுண்ணோக்கியில் “புதிய இனம்” ஆக வந்து நிற்கும்.

பதப்படுத்தல்

95 சதவீத எத்தனால், ஒரு பங்கு பஞ்சுக்குப் பத்துப் பங்கு. பஞ்சு முழுக்கத் தண்ணீர்தான், அது ஆல்கஹாலை நீர்க்கச் செய்துவிடும். ஆகையால் 24 மணி நேரம் கழித்துப் பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். இதைச் செய்யாத புட்டிகளில் துண்டு கூழாகிவிடும். மூடியைத் திறந்தாலே தெரியும். நிறம் இறங்கி ஆல்கஹால் மஞ்சளாவது வழக்கம்தான், பயப்பட வேண்டாம். மரபணு வேலை உண்டென்றால் தனியே ஒரு சிறு துண்டைச் சுத்த எத்தனாலில் போட்டு உறைநிலைப் பெட்டியில் வையுங்கள்.

ஃபார்மலின் வேண்டாம். அது அமிலமாகிச் சுண்ணாம்பு முட்களைக் கரைத்துவிடும், மரபணுவையும் கெடுத்துவிடும். புட்டிக்குள் போடும் லேபிளை டிரேசிங் தாளில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரையும். புட்டிக்கு வெளியே ஒட்டும் லேபிள் எப்படியும் ஒருநாள் உதிரும், அதை நம்பாதீர்கள்.

முட்களைப் பிரித்தெடுத்தல்

இதுதான் முழு வேலையின் மையம். கவனம் சிதறினால் இங்கேதான் சிதறும்.

அரிசியளவு, அதாவது 2 அல்லது 3 மி.மீ. துண்டை மேல்தோலிலிருந்தும், அதே அளவுத் துண்டை உட்பகுதியிலிருந்தும் வெட்டுங்கள். இரண்டையும் தனித்தனிச் சோதனைக்குழாயில் இடுங்கள். பல இனங்களில் தோலுக்கு ஒருவகை முள்ளும் உள்ளுக்கு வேறுவகை முள்ளும் உண்டு. சேர்த்துக் கரைத்தால் எது எங்கிருந்து வந்தது என்று பிறகு சொல்ல முடியாது. துண்டு மூழ்கும்வரை, சுமார் 2 மில்லி பிளீச் ஊற்றுங்கள். வாசனை சேர்த்த, கெட்டியான பிளீச் வேண்டாம். தண்ணீர் போல ஓடுவதை வாங்குங்கள்.

நுரை எழும். ஆரஞ்சுத் துண்டு ஓரத்தில் வெளுத்து, நூல் நூலாகப் பிரிந்து, அரை மணியில் அடியில் நனைந்த மாவு போல ஒரு வெள்ளைப் படிவு தங்கும். கெட்டியான நார் உள்ளவற்றுக்கு ஓர் இரவு பிடிக்கும். இனி அலசல்: மேலே உள்ள திரவத்தைச் சொட்டுக்குழாயால் மெதுவாக உறிஞ்சி எடுத்து, காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, கலக்கி, படிய விடுங்கள். நான்கைந்து முறை. ஒவ்வொரு முறையும் குறைந்தது 20 நிமிடம் படிய வேண்டும். கடைசி இரண்டு அலசல் எத்தனாலில்.

அந்த 20 நிமிடத்தைப் பலரும் இரண்டு நிமிடமாக்கிவிடுகிறார்கள். பெருமுட்கள் உடனே அடியில் தங்கிவிடுவதால் வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் 10, 15 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறுமுட்கள் இன்னும் மிதந்துகொண்டிருக்கும். அவசரமாகச் சாய்த்தால் அவை கழிவுநீரோடு போய்விடும். பேரினத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தச் சிறுமுட்கள்தான். காண்ட்ரில்லா என்ற பஞ்சைச் சொல்லலாம். வழவழவென்று ஈரல் துண்டு போல இருக்கும். அதன் உடலில் உள்ள முட்கள் நட்சத்திர வடிவச் சிறுமுட்கள் மட்டுமே. அவசரக்காரர் குழாயைச் சாய்த்துவிட்டு “முள்ளே இல்லாத பஞ்சு” என்று எழுதிவிடுவார், வேறு வரிசைக்கே போய்விடுவார்.

இரண்டு எச்சரிக்கைகள். பிளீச்சும் அமிலமும் ஒருபோதும் சேரக் கூடாது, குளோரின் வாயு வரும். பிளீச் எஞ்சியிருக்கும்போதே எத்தனாலை ஊற்றுவதும் ஆபத்து. முதலில் தண்ணீரில் நன்றாக அலசிய பிறகுதான் எத்தனால். சொட்டுக்குழாய் ஒரு மாதிரிக்கு ஒன்று. முள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், கழுவினாலும் முழுதாகப் போகாது.

கடைசி எத்தனாலில் கலக்கி ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு உலர விடுங்கள். உலர்ந்த பின் ஒரு துளி டிபிஎக்ஸ் என்னும் ஸ்லைடுப் பசை வைத்து மூடுகண்ணாடி போடுங்கள். கனசதுரமாக மின்னும் படிகங்கள் தெரிந்தால் அது உப்பு. அலசல் போதவில்லை என்று பொருள்.

சுண்ணாம்பா, சிலிக்காவா

நன்றாக அலசிய முட்களில் ஒரு சொட்டை வேறு ஸ்லைடில் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்தபடியே ஓரத்தில் ஒரு துளி வினிகர் விடுங்கள். முள் கரைந்து மறைந்தால் அது கால்கேரியா வகுப்பு. அவற்றின் முட்கள் பெரும்பாலும் மூன்று கதிர் அல்லது நான்கு கதிர் கொண்டவை. குமிழி வருவதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்: பவள மணல் ஒட்டியிருந்தாலும் குமிழி வரும். முள்ளே கரைகிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனை இன்னொரு பொறியையும் காட்டிக் கொடுக்கும். பாறையில் வெள்ளையாகவோ சாம்பலாகவோ படலமாகப் படரும், கூட்டமாக ஒட்டி வாழும் அசிடியன்கள் என்னும் வேறுவகைக் கடல் விலங்குகள் பார்வைக்குக் கடற்பஞ்சு போலவே இருக்கும். அவற்றுள் டைடெம்னிட் குடும்பத்தவற்றின் உடலில் நட்சத்திர வடிவச் சுண்ணாம்பு உருண்டைகள் உண்டு. காண்ட்ரில்லாவின் நட்சத்திரம் என்றே தோன்றும். வினிகரில் கரைந்தால் அது அசிடியன். காண்ட்ரில்லாவின் சிலிக்கா நட்சத்திரம் அசையாமல் நிற்கும்.

கடற்பஞ்சுகளில் இன்று நான்கு வகுப்புகள் ஏற்கப்பட்டுள்ளன. கண்ணாடிப் பஞ்சுகளான ஹெக்ஸாக்டினெல்லிடா ஆழ்கடல்வாசிகள், பாறையில் தேட வேண்டாம். ஹோமோஸ்கிலிரோமார்ஃபா சிறிய வகுப்பு; இரண்டு, மூன்று கதிர்கள் கொண்ட, 100 மைக்ரானைப் பெரும்பாலும் எட்டாத சிலிக்கா முட்கள் சிதறிக் கிடந்தால் அதை நினைத்துப் பாருங்கள். மிச்சம், அதாவது பாறையில் நீங்கள் தொடும் பெரும்பாலானவை, டெமோஸ்பாஞ்சியே.

முள் வகைகள்

பெருமுட்களின் பெயர்கள் பயமுறுத்தும், ஆனால் வடிவங்கள் எளியவை. இரு முனையும் கூராக இருந்தால் ஆக்ஸியா. ஒரு முனை கூர், மறுமுனை மழுங்கல் என்றால் ஸ்டைல். மழுங்கிய முனையில் தலை திரண்டு குண்டூசி போல இருந்தால் டைலோஸ்டைல். இரு முனையும் மழுங்கினால் ஸ்ட்ராங்கைல், இரு முனையிலும் குமிழ் இருந்தால் டைலோட். நீண்ட தண்டின் நுனியில் மூன்று கொக்கிகள் நங்கூரம் போல விரிந்தால் ட்ரையீன். மேலெல்லாம் குட்டி முட்கள் இருந்தால் பெயருக்கு முன்னால் “அகாந்தோ” சேரும்.

சிறுமுட்களில் வளைந்த கொக்கி சிக்மா, வில் போன்றது டாக்ஸா, மயிரிழை போன்றது ராஃபைட், நட்சத்திரம் ஆஸ்டர், பற்கள் கொண்ட வளைகொக்கி கீலா.

கீலாவைப் பார்க்கப் பழகுவது தனிக் கலை. 10 மடங்கு லென்ஸில் அது தூசு. 40 மடங்குக்கு மாற்றி, உலர்ந்த சொட்டின் விளிம்பைத் தேடுங்கள். சொட்டு உலரும்போது சிறுமுட்கள் ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றன. அங்கே பக்கவாட்டில் கிடக்கும் கீலா, இரு முனையிலும் உள்நோக்கி மடிந்த பட்டையான கொக்கி போல இருக்கும். நேராகப் பார்க்கக் கிடப்பதோ இரண்டு மண்வெட்டித் தகடுகள் எதிரெதிரே நிற்பது போல இருக்கும். ஒரே முள்தான், இரண்டு கோணம். இதை இரண்டு வகையாகக் கணக்கெழுதுவது புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. குவியத்தை மெல்ல ஏற்றி இறக்கினால் இடைப்பட்ட கோணங்களில் கிடப்பவையும் தெரியும், சந்தேகம் தீரும்.

இன்னொரு தவறு, வளரும் முள்ளைத் தனி வகையாக எண்ணுவது. அதே நீளத்தில் மெலிந்த ஆக்ஸியாக்கள் தென்பட்டால் அவை பெரும்பாலும் இன்னும் தடிக்காத இளம் முட்கள். நடுத்தரத் தடிமன் கொண்டவையும் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் ஒரே வகை. இடையில் வெற்றிடம் இருந்தால்தான் இரண்டு வகை. உடைந்த ஆக்ஸியாவை ஸ்டைல் என்று எழுதுவதும் அடிக்கடி நடப்பதுதான்: உடைந்த முனை வெட்டினாற்போல் இருக்கும், ஸ்டைலின் முனை வழுவழுப்பாக உருண்டிருக்கும்.

ஒரே ஒரு முள் மட்டும் வித்தியாசமாகத் தெரிந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடற்பஞ்சு நீரை வடிகட்டும் உயிரி. பக்கத்து வீட்டு முள்ளையும் உறிஞ்சி வைத்திருக்கும்.

அளத்தல்

கண்ணருகு லென்ஸில் உள்ள அளவுகோலை, ஒவ்வொரு பொருளருகு லென்ஸுக்கும் ஸ்டேஜ் மைக்ரோமீட்டரால் (அளவுக்கோடு பொறித்த ஸ்லைடு) ஒருமுறை திட்டப்படுத்துங்கள். ஸ்டேஜ் மைக்ரோமீட்டரில் ஒரு கோடு 10 மைக்ரான். 40 மடங்கில் உங்கள் அளவுகோலின் 40 கோடுகள் அதன் 10 கோடுகளோடு பொருந்தினால், உங்கள் ஒரு கோடு 2.5 மைக்ரான். இந்த எண்ணை நுண்ணோக்கியின் மேலேயே ஒட்டி வையுங்கள். வேறு நுண்ணோக்கிக்கு மாறினால் மறுபடி முதலிலிருந்து.

ஒவ்வொரு முள் வகையிலும் குறைந்தது 25 முழு முட்களின் நீளமும் அகலமும் வேண்டும். நீளமானவற்றையே கண் தேடும். அதைத் தவிர்க்க ஸ்லைடை ஒரே திசையில் நகர்த்தி, எதிரே வருவதையெல்லாம் அளந்து எழுதுங்கள். எழுதும் முறை: சிறியது, சராசரி, பெரியது என்ற வரிசையில் “210–245–270 × 5–7–9 மைக்ரான்”.

சட்டகத்தை வெட்டிப் பார்த்தல்

முட்கள் சுவர் கட்டும் செங்கல் என்றால், அவை அடுக்கப்பட்ட விதம்தான் வீடு. ஒரே செங்கலில் பல வீடுகள் கட்டலாம். ஆக்ஸியா மட்டும் உள்ள பஞ்சுகள் ஏராளம்; ஹாலிக்ளோனா, காலிஸ்பாஞ்சியா, ஹாலிகாண்ட்ரியா, செஸ்டோஸ்பாஞ்சியா எல்லாவற்றிலும் அதுதான். பிரித்துக் காட்டுவது சட்டகம்.

ஆல்கஹாலில் இறுகிய துண்டைப் புதுச் சவர பிளேடால் இரண்டு விதமாகச் சீவுங்கள்: மேற்பரப்புக்குச் செங்குத்தாக ஒன்று, மேல்தோலை மட்டும் உரித்தாற்போல் ஒன்று. தடிமன் 0.1 முதல் 0.3 மி.மீ. அதற்கு மேல் போனால் எல்லாம் இருட்டு. மெலிந்தால் கட்டமைப்பு கலைந்துவிடும். சீவலைச் சுத்த எத்தனாலில் பத்து நிமிடம் வைத்து நீரை வெளியேற்றி, கிராம்பு எண்ணெயில் போட்டுத் தெளிந்து கண்ணாடி போல ஆனதும் டிபிஎக்ஸில் பதியுங்கள். எண்ணெயில் போட்டதும் பால்போல வெளுத்தால் உள்ளே நீர் இருக்கிறது, எத்தனாலுக்குத் திரும்புங்கள்.

பார்க்க வேண்டியது: முட்கள் ஏணிப்படி போலச் சதுரக் கண்ணிகளாகக் கோர்த்திருந்தால், நார் மெலிந்து, ஒரு முள் நீளத்துக்கு ஒரு கண்ணி என்று இருந்தால் ஹாலிக்ளோனா பக்கம். அதே ஆக்ஸியாக்கள் ஸ்பாஞ்சின் என்னும் புரதத்தாலான தடித்த நாருக்குள் புதைந்து, மேல்தோலில் பெரிய கண்ணிக்குள் சிறிய கண்ணி என்று இரட்டை வலை தெரிந்தால் காலிஸ்பாஞ்சியா. வலை எதுவுமே இல்லாமல் வைக்கோல் போர் போலக் குழம்பிக் கிடந்தால் ஹாலிகாண்ட்ரியா. தண்டு தண்டாக மையத்திலிருந்து வெளியே விரிந்தால் பந்து வடிவப் பஞ்சுகள். அவற்றில் ட்ரையீனும், நெளிந்த சிறு சிக்மாக்களும், மேற்பரப்பில் கிண்ணம் போன்ற குழிகளும் இருந்தால் சினாக்கிரெல்லாவும் அதன் உறவுகளும்.

ஸ்டைல்கள் நாருக்குள் ஓடி, நாரின் பக்கத்தில் அகாந்தோஸ்டைல்கள் முள்வேலி போலத் துருத்தி, கூடவே கீலாவும் டாக்ஸாவும் இருந்தால் கிளாத்ரியா. கீலா கண்ணில் பட்டாலே பொயெசிலோஸ்கிலெரிடா வரிசை என்று எழுதிவிட்டு மேலே போகலாம். ஸ்டைல், டைலோட், கூடவே சொரசொரப்பான நீண்ட மயிரிழை முட்கள் என்றால் டெடானியா; கையுறையைக் கழற்றாதீர்கள்.

முள்ளே இல்லாதவை

பிளீச்சில் எல்லாமே கரைந்து, மணல் மட்டும் மிஞ்சினால், தோல்வி என்று நினைக்க வேண்டாம். அதுவும் ஒரு விடை. இவற்றுக்கு நார்தான் சட்டகம். சீவலில் நாரின் குறுக்குவெட்டைப் பாருங்கள். ஒரே கட்டியான நார்கள் வலையாகப் பின்னியிருந்தால் ஸ்பாஞ்சியா, ஹயட்டெல்லா வகை. நாருக்குள்ளே மணல் நிரம்பியிருந்தால் டிசிடியா. கையால் கிழிக்க முடியாமல் கயிறு மாதிரி இழுபட்டு, பூண்டு அழுகியது போல் நாறி, சீவலில் நுனியில் குமிழ் உள்ள மெல்லிழைகள் கற்றை கற்றையாகத் தெரிந்தால் இர்சினியா. நார்கள் மரக்கிளை போல அடியிலிருந்து பிரிந்து, மறுபடி ஒன்றுசேராமல் நின்றால் டெண்ட்ரில்லா. நாரின் நடுவே சோற்றுப் பகுதி தடித்து, சுற்றிலும் பட்டை அடுக்கடுக்காக இருந்தால் வெராங்கிடா. படகில் பார்த்த அந்த நிறமாற்றத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள்.

பவளத்தையும் சங்கையும் தின்பவை

கிளையோனா என்னும் துளைக்கும் பஞ்சுகளுக்கு உடல் பவளத்துக்குள்ளோ சங்கு ஓட்டுக்குள்ளோ இருக்கும். வெளியே தெரிவது மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் புள்ளிகள் மட்டும். புள்ளிகளின் விட்டத்தை அளந்து எழுதுங்கள். ஓட்டை உடைத்து, உள்ளறைகளிலிருந்து திசுவை ஊசியால் தோண்டி பிளீச்சில் இடுங்கள். ஓட்டுத் தூள் கூடவே வரும். பிளீச்சை முழுதாக அலசி வெளியேற்றிய பின் சில துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் தூள் கரைந்து, சிலிக்கா முள் மிஞ்சும். டைலோஸ்டைல் எப்போதும் இருக்கும். கூடவே சுருள் நட்சத்திரமான ஸ்பைராஸ்டர் உண்டா, சொரசொர ஆக்ஸியா உண்டா என்பதில்தான் இனங்கள் பிரிகின்றன.

உயிருள்ள பவளத்தின்மேல் சாம்பல் கலந்த கறுப்பாக, ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்த படலம் ஏறிக்கொண்டிருந்தால் டெர்பியோஸ் ஹோஷினோட்டாவாக இருக்கலாம். 1970களில் குவாம் தீவில் கவனிக்கப்பட்டு, 1993ல் பெயரிடப்பட்ட இது, 2015ல் பாக் விரிகுடாவிலிருந்தும் பதிவானது. உறுதி செய்ய வேண்டியது ஒன்றே: முட்கள் எல்லாம் டைலோஸ்டைல், அவற்றின் தலை உருண்டையாக இல்லாமல் மடல் மடலாகப் பிரிந்திருக்கும். அதே மாதிரிப் பவளத்தை மூடும் காலினுலா நெமாட்டிஃபெராவுக்கு ஊதா கலந்த இளஞ்சிவப்பு உடலில் வெள்ளை இழைகள் கண்ணுக்கே தெரியும், முள் சிறிய ஆக்ஸியா. கறுப்புப் படலம் எல்லாம் டெர்பியோஸ் என்று படத்தை மட்டும் வைத்து அறிவிப்பது, ஒரு பாறைக்கே பொய்யான நோய்ச் சான்றிதழ் கொடுப்பது போல.

பெயரிடுதல்

இப்போது கையில் வரிசையும் பேரினமும் இருக்கும். இனத்துக்குப் போக, பழைய விவரிப்புகளோடு முள் அளவை ஒப்பிட வேண்டும். நம் கடலுக்கு அடிப்படை ஆர்தர் டெண்டியின் வேலை: எட்கர் தர்ஸ்டன் சேகரித்த சென்னைக் கடற்பஞ்சுகளை 1887லும், ஹெர்ட்மன் சேகரித்த இலங்கை முத்துச்சிப்பிப் பார்களின் கடற்பஞ்சுகளை 1905லும் அவர் விவரித்தார். மண்டபத்திலிருந்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் பி. ஏ. தாமஸ் செய்த பதிவுகள் அடுத்தது. பேரினம்வரை செல்ல 2002ல் வந்த சிஸ்டெமா பொரிஃபெரா என்னும் வகைப்பாட்டு நூல் நம்பகமானது. ஆனால் அதன் வரிசைப் பிரிப்புகளை மரபணு ஆய்வுகள் பின்னர் மாற்றிவிட்டன, 2015க்குப் பிந்தைய வகைப்பாட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பழைய இந்தியக் கட்டுரைகளில் உள்ள பெயரை அப்படியே எடுத்தாளாதீர்கள். ஸ்பைராஸ்ட்ரெல்லா இன்கான்ஸ்டன்ஸ் இன்று ஸ்பெசியோஸ்பாஞ்சியா இன்கான்ஸ்டன்ஸ். சாம்மாப்ளிசில்லா பர்பூரியா இன்று சூடோசெராட்டினா பர்பூரியா. பாசியோடு கூட்டாக வாழும் சிக்மடோசியா சிம்பயாட்டிகா இன்று ஹாலிக்ளோனா சைமிஃபார்மிஸ். உலகக் கடற்பஞ்சுத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பெயரையும் தட்டிப் பார்த்து, ஏற்கப்பட்ட பெயர்தானா என்று உறுதி செய்துகொண்டு எழுதுங்கள்.

மரபணு இதற்குக் குறுக்குவழி அல்ல. விலங்குகளில் இனம் காண வழக்கமாகப் பயன்படும் சிஓஐ என்ற மரபணு கடற்பஞ்சுகளில் மெதுவாக மாறுகிறது. நெருங்கிய இனங்களை அது பிரிக்காமல் போகலாம். பஞ்சுக்குள் குடியிருக்கும் புழுவின், இறாலின் மரபணுத் தொடர் வந்து விழுவதும் உண்டு. முள் ஸ்லைடோடு சேர்த்துப் படித்தால் பயன் அதிகம்.

அளவுகள் ஒரு விவரிப்போடு பொருந்தி, சட்டகம் மட்டும் கொஞ்சம் விலகினால், பேரினத்துக்கும் இனப்பெயருக்கும் நடுவே “ஒப்பிடுக” என்னும் பொருள்தரும் சிஎஃப் குறியைப் போடுங்கள். எதுவும் பொருந்தாவிட்டால் பேரினத்தோடு நிறுத்தி, “ஹாலிக்ளோனா இனம் 3” என்று எண் கொடுங்கள். அதில் குறைவு ஒன்றுமில்லை. தவறான இனப்பெயர் ஒன்று பட்டியலுக்குள் நுழைந்தால் பத்துக் கட்டுரைகளுக்குத் தொற்றும், எண் தொற்றாது. துண்டு, முள் ஸ்லைடு, சீவல், படங்கள் நான்குக்கும் ஒரே எண்ணை எழுதி, மாதிரிகளைப் பாதுகாக்கும் அருங்காட்சியகத்திலோ நிறுவனத்திலோ ஒப்படைத்து, அவர்கள் தரும் பதிவெண்ணையும் அந்த நான்கின் மேலும் எழுதி வையுங்கள்.